டாக்டர் ஹவுஸ் நினைவூட்டிய கோபால்ட்

கண் மங்கினால் கண் மருத்துவரிடம் போகிறோம். காது மந்தமானால் காது மூக்கு தொண்டை மருத்துவர். நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கினால் இதய மருத்துவர். உடம்பு சோர்ந்துபோய், ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தால் அதற்கென்று இன்னொருவர். பெரிய மருத்துவமனைகளும் மாடிக்கு ஓர் உறுப்பாகத்தான் பிரிந்து நிற்கின்றன. ஆனால் இந்த நான்கும், கூடவே காரணம் தெரியாத காய்ச்சலும், வீங்கிய நிணநீர்க் கணுக்களும், உணவுக்குழாய் அழற்சியும் ஒரே மனிதருக்கு வந்தால், அவர் எந்த மாடியில் போய் உட்காருவது?

2012 மே மாதம் ஜெர்மனியின் மார்பர்க் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அப்படி ஒருவர் அனுப்பப்பட்டார். வயது 55. ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைக்கும் அளவுக்கு இதயம் தளர்ந்திருந்தது. அந்த வயதில் இதயத்தைக் கெடுக்கும் வழக்கமான காரணமான தமனி அடைப்பு அவருக்கு இல்லை. பார்வை பெருமளவு போயிருந்தது, காதும் கேட்கவில்லை. அங்கிருந்த பேராசிரியர் யூர்கன் ஷேஃபருக்கும் அவருடைய குழுவினருக்கும் இந்த அறிகுறிகளின் வரிசை எங்கோ பார்த்ததாக இருந்தது. பார்த்த இடம் பாடநூல் அல்ல, ஒரு தொலைக்காட்சித் தொடர். அந்த நினைவைப் பிடித்துக்கொண்டு போய் நோயின் மூலத்தைக் கண்டார்கள். 2014 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த நிகழ்வு வெளியானபோது, கட்டுரைத் தலைப்பிலேயே டாக்டர் ஹவுஸின் உதவி குறிப்பிடப்பட்டிருந்தது. டாக்டர் ஹவுஸ் என்று ஒருவர் உலகத்தில் கிடையாது.

‘ஹவுஸ்’ அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2004 நவம்பரில் தொடங்கி எட்டுப் பருவங்கள், 177 பகுதிகள் ஓடிய தொடர். அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது, மார்பர்க் நோயாளி வந்து சேர்ந்த அதே 2012 மே மாதத்தில். நியூ ஜெர்சியில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு மருத்துவமனையில் நோயறிதல் துறையின் தலைவர் கிரெகரி ஹவுஸ். தொடையில் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போனதால் கைத்தடி ஊன்றி நடப்பவர். வலி மாத்திரைக்கு அடிமையானவர். எவரிடமும் இனிமையாகப் பேசாதவர். பிரிட்டிஷ் நடிகர் ஹ்யூ லாரி அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தார். தொடரை உருவாக்கிய டேவிட் ஷோர், ஷெர்லாக் ஹோம்ஸை மனத்தில் வைத்தே ஹவுஸைச் செதுக்கினார். ஹவுஸின் வீட்டு எண்ணும் ஹோம்ஸினுடையதைப் போலவே 221 பி. உற்ற நண்பர் பெயர் வாட்சனுக்குப் பதில் வில்சன். ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலோ ஒரு மருத்துவர். எடின்பரோவில் தமக்குக் கற்பித்த அறுவை மருத்துவர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவருடைய தொழிலையும் பழக்கத்தையும் சொல்லிவிடும் கூர்மையைப் பார்த்து வியந்துதான் அவர் ஹோம்ஸை எழுதினார். மருத்துவரிலிருந்து பிறந்த துப்பறிவாளன், ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடி மருத்துவராகத் திரும்பி வந்திருக்கிறான்.

ஒவ்வொரு பகுதியிலும் ஹவுஸ் ஒரு வெள்ளைப் பலகையில் அறிகுறிகளை எழுதுவார். உதவி மருத்துவர்கள் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொன்றாக அடிபட்டு, கடைசியில் ஒன்று மிஞ்சும். நாடகத்துக்காக இட்டுக்கட்டிய முறை அல்ல இது. டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ் என்று எல்லா மருத்துவ மாணவர்களும் படிப்பதுதான்; ஐயப்பட்டியல் என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். இந்த அறிகுறிகளை எந்தெந்த நோய்கள் தரக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் அடிக்கவோ மேலே ஏற்றவோ உதவும் கேள்விகளையும் சோதனைகளையும் தேர்ந்தெடுப்பது. பக்கத்துத் தெரு மருத்துவர் காய்ச்சல்காரரிடம் “இருமல் இருக்கா, சிறுநீர் போகும்போது எரியுதா, கண்ணுக்குப் பின்னால வலிக்குதா” என்று கேட்கும்போது அவர் மனத்திலும் அந்தப் பலகை இருக்கிறது.

பட்டியல் போடுவதில் பெரிய சிரமம் இல்லை. அதில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்பதில்தான் மருத்துவத்தின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டறியும் சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும். உங்களுக்கு அந்தச் சோதனையில் ‘உண்டு’ என்று வந்துவிட்டது. நோய் இருப்பது கிட்டத்தட்ட உறுதி என்றுதானே தோன்றும்? ஒரு லட்சம் பேருக்கு அதே சோதனையைச் செய்து பாருங்கள். அவர்களில் 100 பேர் நோயாளிகள்; 99 பேரைச் சோதனை பிடித்துவிடும். மீதி 99,900 பேர் நோயற்றவர்கள். நூற்றுக்கு ஒருவர் வீதம் அவர்களில் 999 பேருக்கும் சோதனை தவறாக ‘உண்டு’ என்று சொல்லும். ஆக, ‘உண்டு’ என்ற தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் 1,098 பேர். உண்மையான நோயாளிகள் 99 பேர். பதினொருவரில் ஒருவருக்குத்தான் நோய்.

சோதனையில் கோளாறு எதுவும் இல்லை. சோதனைக்கு முன்பே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். இதை முன்வாய்ப்பு என்று சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் பெயரால் வழங்கும் தேற்றம் இதைத்தான் முறைப்படுத்துகிறது: புதிய சான்று வரும்போது பழைய வாய்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும், ஆனால் பழையதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவர் தலைவலிக்கு உடனே மூளை ஸ்கேன் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மார்பர்க் மருத்துவர்கள் எந்தத் துணிச்சலில் ஓர் அரிய நோயைப் பட்டியலின் உச்சிக்கு ஏற்றினார்கள்? இங்கேதான் அதே கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்று. ஒரு தொடர்பும் இல்லாமல் அது போன்ற இன்னொன்றும் அதே ஆளுக்கு வருவது பத்தாயிரத்தில் ஒருவருக்கு. மூன்றாவதும் சேர்வது பத்து லட்சத்தில் ஒருவருக்கு. நான்காவதும் சேர்ந்தால் பத்துக் கோடியில் ஒருவர். இப்போது இந்த நான்கையும் ஒருசேரத் தரக்கூடிய, பத்து லட்சத்தில் ஒருவருக்கே வரும் ஒற்றை நோயைப் பக்கத்தில் வையுங்கள். ஓர் அறிகுறிக்கு எதிரே அது கனவு. நான்கு அறிகுறிகளுக்கு எதிரே அதுதான் அதிகம் நம்பத்தக்க விளக்கம். நோய் அரியதாகவே இருக்கிறது. அதைவிட அரியதாக ஆகிவிட்டது தற்செயல்.

மருத்துவர்களிடையே இதைப் பற்றி நெடுங்கால வாதம் ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி ஓக்கமின் வழியில் வருபவர்கள், எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடு என்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் ஹிக்கமின் பெயரைச் சொல்பவர்கள், நோயாளிக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மறுப்பார்கள். முதியவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் ஹிக்கம் பக்கம். அதற்கு நியாயமும் இருக்கிறது: நோய்கள் உண்மையில் தனித்தனியாக வருவதில்லை. சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் விழித்திரையையும் இதயத்தையும் சேர்த்தே பிடிக்கும். நான் மேலே போட்ட கணக்கு, நோய்களுக்குள் உறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்டது. ஆனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இதய அடைப்போ காதையும் கண்ணையும் தைராய்டையும் இப்படி ஒன்றாக இழுத்துக்கொண்டு போகாது. மார்பர்க் நோயாளியிடம் ஓக்கமின் பக்கமே கனத்தது.

அடுத்த சான்று காலம். அந்த மனிதருக்கு இரண்டு இடுப்பு மூட்டுகளும் செயற்கையானவை. ஒரு பக்கம் பந்தும் கிண்ணமும் பீங்கானால் ஆனவை. 2010 நவம்பரில் அந்தப் பீங்கான் உடைந்தது. அதை எடுத்துவிட்டு, உலோகப் பந்தும் பாலியெத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டைப் பொருத்தினார்கள். தொல்லைகள் வந்தது அதற்குப் பிறகு. செயற்கை மூட்டுக்குப் பயன்படும் உலோகம் கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலவை. துருப்பிடிக்காது, எளிதில் தேயாது. ஆனால் பீங்கான் அதைவிடக் கடினம். உடைந்த பீங்கானின் நுண்ணிய சில்லுகளைத் தசையிலிருந்து கடைசித் துகள் வரை எடுப்பது நடவாத காரியம். அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியிலும் அந்தச் சில்லுகள் சாணைக்கல்லாக வேலை செய்தன. சாணை பிடிப்பவரின் காலடியில் இரும்புத்தூள் உதிர்வதுபோல, மூட்டைச் சுற்றிக் கோபால்ட்டும் குரோமியமும் உதிர்ந்து தசைக்குள் இறங்கி, கரைந்து ரத்தத்தில் கலந்தன.

இனிச் செய்ய வேண்டியது ரத்தத்தில் கோபால்ட்டை அளப்பது மட்டும். அளந்தார்கள்: இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இடுப்பின் எக்ஸ்ரேயிலும் மூட்டைச் சுற்றி உலோகம் தெரிந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். முழு உடல் பரிசோதனை என்று எத்தனை ஆயிரம் ரூபாய்க்குச் செய்தாலும், அந்தத் தாளில் கோபால்ட் என்று ஒரு வரி இருக்காது. ஒருவர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தால்தான் அளப்பார்கள். எல்லாவற்றையும் அளந்துவிட்டால் உண்மை தானாக வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்று இந்த நோயாளியின் கதை உரக்கச் சொல்கிறது. அரிய நோய் பிடிபடாமல் போவதற்குப் பெரும்பாலும் கருவி இல்லாதது காரணம் அல்ல. அப்படி ஒன்று உண்டு என்ற நினைவு உரிய நேரத்தில் யாருக்கும் வராததுதான்.

ரத்தத்தில் கோபால்ட் மிகுந்திருந்தது சரி. அதுதான் இதயத்தையும் காதையும் கெடுத்தது என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே உடலில் இருந்தன என்பது மட்டும் சான்றாகாது. பதிலில் ஒரு பகுதி கனடாவின் க்யூபெக் நகரிலிருந்து வருகிறது. 1965 ஆகஸ்டுக்கும் 1966 ஏப்ரலுக்கும் இடையில் அங்கே திடீரென்று 48 பேருக்கு இதயத் தசை தளர்ந்தது. 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் அதிகமாகப் பீர் குடிப்பவர்கள். குடி இதயத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அதே அளவு குடித்துவந்த ஊரில், ஏன் அந்த ஆண்டில் மட்டும்? விசாரித்தபோது, பீரின் நுரை நிலைத்து நிற்பதற்காக அப்போதுதான் கோபால்ட் உப்பைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள் என்று தெரிந்தது. இறந்தவர்களின் தைராய்டு சுரப்பியிலும் மாற்றம் இருந்தது. கோபால்ட்டை நிறுத்தினார்கள், புதிய நோயாளிகள் வருவதும் நின்றது.

ஆனால் இதற்குள் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. கோபால்ட் உப்பு அந்த நாட்களில் ரத்தசோகைக்கு மருந்தாகவும் கொடுக்கப்பட்டுவந்தது. அந்த நோயாளிகள் பீர் வழியே சென்றதைவிட அதிகமான கோபால்ட்டை விழுங்கினார்கள். அவர்கள் இதயம் இப்படித் தளரவில்லை. சத்துக்குறைவான உணவும் மிகுந்த மதுவும் முன்பே இதயத்தைப் பலவீனமாக்கியிருந்ததால்தான் சிறு அளவு கோபால்ட்டும் அதைச் சாய்த்தது என்பதே ஆய்வாளர்கள் வந்துசேர்ந்த முடிவு. ரத்தசோகை மருந்தும் முற்றிலும் தீங்கற்றதாக இருக்கவில்லை. அதை உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குத் தைராய்டு வீங்கியது. காது மந்தமான நிகழ்வுகளும் பதிவாயின. இதயம் ஓரிடத்தில், தைராய்டும் காதும் இன்னோரிடத்தில் என்று மருத்துவ ஏடுகளில் சிதறிக் கிடந்த குறிப்புகள், மார்பர்க்கில் ஒரே உடலில் ஒன்றுகூடின.

கோபால்ட் உடலுக்கு அந்நியம் அல்ல. வைட்டமின் பி12 மூலக்கூறின் நடுவே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. அளவு மீறித் தனியாகத் திரியும்போதுதான் சிக்கல். ரத்தசோகைக்கு அது ஏன் மருந்தானது என்று பார்த்தால் அதன் குணம் புரியும். நம் செல்களுக்குள் ஆக்சிஜன் போதுமா என்று கண்காணிக்கும் நொதிகள் உண்டு. அவற்றின் வேலை இரும்பு அணுவைச் சார்ந்தது. கோபால்ட் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. உடனே செல், ஆக்சிஜன் இருந்தும் இல்லாததாக எடுத்துக்கொண்டு, சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. ரத்தம் கூடுகிறது; ஆனால் பொய்யான செய்தியால் கூடுகிறது. இந்த ஆக்சிஜன் உணர்வு முறையை விளக்கியதற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இதோடு, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதையும், செல்கள் ஆற்றல் உண்டாக்கும் வழியையும் கோபால்ட் குலைக்கிறது. ஒரு நொடியும் ஓய்வில்லாத இதயத் தசைக்கு ஆற்றல் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

செயற்கை மூட்டிலிருந்தும் இது வரலாம் என்பது 2010வாக்கில் வெளிவந்துகொண்டிருந்த செய்தி. அலாஸ்காவின் எலும்பு அறுவை மருத்துவர் ஸ்டீபன் டவர், பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமான இடுப்பு மூட்டு பொருத்தப்பட்ட இருவருக்கு நரம்பும் இதயமும் பாதிக்கப்பட்டதை அந்த ஆண்டு பதிவு செய்தார். இருவரில் ஒருவர் அவரேதான். அதே ஆண்டு ஆகஸ்டில் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை மூட்டு உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2011 பிப்ரவரியில் ‘ஹவுஸ்’ ஏழாம் பருவத்தின் பதினோராம் பகுதி வந்தது. ஹவுஸின் மேலதிகாரியும் அப்போதைய காதலியுமான பெண்ணின் தாய்க்கு வந்த மர்ம நோய்க்கு விடை, அவருடைய செயற்கை இடுப்பிலிருந்து கசிந்த கோபால்ட்.

அந்தப் பகுதியைப் பார்த்த கோடிக்கணக்கானோர் மறந்திருப்பார்கள். ஷேஃபர் மறக்காததற்குக் காரணம், அவர் 2008இலிருந்தே இந்தத் தொடரை வகுப்பறைக்குள் கொண்டுவந்திருந்தார். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, நோயறியும் வழி எங்கே சரி, எங்கே நாடகம் என்று மாணவர்களோடு பிரித்து ஆராய்வது அவருடைய வகுப்பு முறை. பாடநூலில் கோபால்ட் நஞ்சு ஒரு வரி. தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும். முகமும் மகளும் சண்டையும் உயிர்ப்பயமும் உள்ள கதையாக வந்தால் தங்கிவிடுகிறது.

ஆனால் அந்த வகுப்பறையைத் தாண்டி ஹவுஸை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். அவருடைய பலகைக்கு வருவதெல்லாம் அரிய நோய். சாதாரண சளி ஒரு மணி நேர நாடகத்துக்கு ஆகாது. அதனால் தொடர் முழுவதும் முன்வாய்ப்பு தலைகீழாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர், தலைவலி வந்ததும் கட்டி என்று கலங்குவது இயல்பு. ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்து, நோயாளி தேறுகிறாரா சாய்கிறாரா என்பதையே சோதனையாகக் கொள்ளும் அவருடைய வழி, தொடரிலேயே பலரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய் மீட்கிறது. உண்மையில் அந்த மீட்பு உறுதியல்ல. நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய கோட்பாடு; வீட்டுக்குள் ஆள் அனுப்பி அலமாரியைக் குடைவார். 1975இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹாம்ப்டனும் சகாக்களும் எழுதியது இதற்கு நேர்மாறு: புதிதாக வந்த 80 நோயாளிகளில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்ட நிலையிலேயே சரியான நோய் பிடிபட்டுவிட்டது. உடல் பரிசோதனையும் ஆய்வகமும் மீதிச் சிலருக்குத்தான் முடிவை மாற்றின. நோயாளி சொல்வதை நம்பிக் கேட்பவருக்கே அந்த 66 கிடைக்கும். மார்பர்க் நோயாளி எதையும் மறைக்கவில்லை. இடுப்பு அறுவை மறைக்கக்கூடிய விஷயமும் அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் இதயத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தால், இடுப்பு எவருடைய துறையும் இல்லை, அவ்வளவுதான்.

ஷேஃபர் தலைமையில் மார்பர்க்கில் 2013இல், கண்டறியப்படாத நோய்களுக்கும் அரிய நோய்களுக்கும் என்றே ஒரு மையம் தொடங்கியது. பல துறை மருத்துவர்கள் ஒரே கோப்பை வைத்து ஒன்றாகப் பேசுவதுதான் அதன் முறை. ஒரு மருத்துவமனை செய்யத்தக்க மிக நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

நோயாளிக்கு உலோகப் பந்தை எடுத்துவிட்டுப் பீங்கான் மூட்டைப் பொருத்தினார்கள். ரத்தத்தில் கோபால்ட் இறங்கத் தொடங்கியது. காய்ச்சல் திரும்பவில்லை, உணவுக்குழாய் ஆறியது. ஆபத்தான துடிப்பு வந்தால் திருத்தும் கருவி ஒன்றை நெஞ்சில் வைத்தார்கள். பதினான்கு மாதங்கள் கழித்து அவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் நாற்பது விழுக்காட்டை வெளியே தள்ளியது. நல்ல இதயத்துக்கு அது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கோபால்ட்தான் காரணம் என்பதற்கு இந்த மீட்சியும் ஒரு சான்று: மூலத்தை எடுத்தார்கள், நோய் தணிந்தது. கண்ணும் காதும் மட்டும் சிறிதளவே தேறின. தசை ஓரளவு மீண்டுவிடும், கெட்ட நரம்பு அவ்வளவு எளிதில் மீளாது. இடுப்பு மாற்றியதற்கும் மார்பர்க் வந்ததற்கும் இடையில் ஒன்றரை ஆண்டு போயிருந்தது. உடைந்த பீங்கான் மூட்டுக்குப் பதிலாகக் கோபால்ட் கலந்த உலோகப் பந்தை வைக்கக் கூடாது, மீண்டும் பீங்கான் பந்தே வேண்டும் என்று எலும்பு அறுவை மருத்துவர்கள் இன்று வலியுறுத்துகிறார்கள்.